மூன்று செண்டுக்கு ஒரு சாவு

என் அம்மா வேம்பு தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் இன்ன ஊருக்குப் போகவேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டாள். காசி, ராமேஸ்வரம் என்று கேட்டிருந்தால் சரி. அந்தமான் என்றாள்.

நான் தபால் துறையில் வேலை பார்க்கிறேன். நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க எங்களுக்குச் சலுகை உண்டு. பதினாறு வருஷ வேலையில் அதை நான் தொட்டதே இல்லை. நடவுக்கு லீவு எடுப்பேன், அறுப்புக்கு லீவு எடுப்பேன், ஊர் சுற்ற லீவு எடுக்க மனசு வராது. 2002 பொங்கலுக்கு முன்னால் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து எழுந்து வந்தாள். அந்தப் பயத்தில் நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். இந்த வருஷம் உன்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறேன், எங்கே போகலாம் சொல் என்றேன்.

"அந்தமானு."

"அங்க என்னம்மா இருக்கு?"

"கடலு இருக்காம்ல."

"நாகப்பட்டினத்துல இல்லாத கடலா? பத்து நாளா ஆஸ்பத்திரி ஜன்னல்ல அதத்தானே பாத்துக்கிட்டுக் கெடந்தே!"

"நீதான கேட்ட? முடியாதுன்னா விடு" என்று முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அம்மா அப்படித்தான். இரண்டாம் முறை கேட்கமாட்டாள். கேட்காமல் இருந்தே காரியத்தைச் சாதித்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் கண்ணுசாமி பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள் என்றார். மாசி பிறந்ததும் சென்னையிலிருந்து கப்பல் ஏறினோம். மூன்று நாள் பயணம். முதல் நாளே பாதிப் பேர் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டார்கள், நானும்தான். வண்டியில் திருவாரூர் போனாலே தலை சுற்றும் என் அம்மா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

"அம்சம், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்கப்பாரு சாவல."

வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல. அவரு அந்தமான்லதான் இருக்காரு. அங்கதான் போறோம்."

என் அப்பா காத்தான் செத்தது எழுபத்திரண்டில், எனக்கு ஆறு வயதில். அப்படித்தான் நான் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். கருமாதி நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உடம்பு கிடைக்கவில்லை என்று வைக்கோலில் ஓர் ஆள் கட்டி, அதன்மேல் அப்பாவின் துண்டைப் போர்த்தி, பாடை கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருவே அழுதது. பதினாறாம் நாள் அவள் தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சாத்தங்கொல்லை, கீழ்வேளூருக்குக் கிழக்கே. எங்கள் தெரு முழுக்க பண்ணையாள் குடும்பங்கள். வயலும் மிராசு அமிர்தலிங்கத்துடையது, நாங்கள் குடிசை போட்டிருந்த மனையும் அவருடையது. அறுபத்தெட்டு தை அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் என்று அவர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். களத்தில் அடிதடி. பண்ணைக் காரியக்காரர் ஒருவருக்குக் கை முறிந்தது. பதினாலு பேர்மேல் வழக்கு. பதிமூன்று பேர் பிடிபட்டார்கள், என் அப்பா ஓடிவிட்டார். அப்போது நான் இரண்டு வயது நிரம்பாத பிள்ளை. அவர் முகமே எனக்குத் தெரியாது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒளிந்திருந்தார், போலீஸ் வந்தபோது தோணியில் தப்பப் பார்த்து முகத்துவாரத்தில் கவிழ்ந்து செத்தார். இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. ஒளிந்திருந்தது வரைக்கும் நிஜம். அங்கே கருவாட்டு வியாபாரம் செய்த மீரா சாகிப் என்பவர் இரக்கப்பட்டு அவரை அந்தமான் கப்பலில் ஏற்றிவிட்டிருக்கிறார். அவர் அங்கே போய்வருகிற ஆள். வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவிடம் சேதி கொண்டுவருவார். ஹேவ்லாக் என்று ஒரு தீவில் வயல் வேலை பார்க்கிறான், நல்லா இருக்கான் என்று.

"அப்ப எதுக்கு வைக்கோலப் போட்டுக் கொளுத்துனீங்க?" என்றேன்.

"மனைக்குத்தான்."

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவரவர்க்கே சொந்தம் என்றார்கள். அடுத்த வருஷம் கணக்குப்பிள்ளை சாரங்கபாணி நோட்டும் கையுமாகத் தெருவுக்கு வந்தார். எங்கள் குடிசை வாசலில் நின்று, மனை புருஷன் பேரில் இருக்கிறது, ஓடிப்போனவனுக்குப் பட்டா கிடையாது, பண்ணைக்கே திரும்பிவிடும் என்றாராம். செத்திருந்தால் பெண்டாட்டி பேருக்கு எழுதலாமாம். மிராசு சொல்லிக்கொடுத்துப் பேசினாரா, அவராகப் பேசினாரா, தெரியாது. அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கையில் ஆறு வயதுப் பிள்ளையாக நான். அந்த மூன்று செண்டை விட்டால் ஆற்றங்கரைதான்.

அம்மா கேட்டுக்கொண்டபடி மறுவாரமே மீரா சாகிப் அப்பாவின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தோணி கவிழ்ந்த கதையைச் சொன்னார். கருமாதி நடந்தது. கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்தார், சாவைப் பதிந்தார்கள், அம்மா பேரில் மனை வந்தது.

"மீரா சாகிப்கிட்ட சொல்லிவிட்டேன்" என்றாள் அம்மா. "இப்பக்கி வராதீங்க, உசுரோட வந்தா மனை போயிடும், கொஞ்சம் ஆறட்டும், நான் சொல்லியனுப்புறேன், அப்பறம் வாங்கன்னு."

"அனுப்புனியா?"

"மறு வருசமே சாகிப்பு மௌத்தாயிட்டாரு. வேற யாரத் தெரியும் எனக்கு? அப்பறம் ஒன்ன ஹாஸ்டல்ல சேத்தப்ப தகப்பன் இல்லாத பிள்ளன்னு எழுதுனாங்க. விதவைப் பணம் வந்துச்சு. ஒனக்குக் கவர்மெண்டு வேல கெடச்சப்ப அதுலயும் அப்பா இல்லன்னுதான எழுதுன? அவரு வந்து நின்னா ஒன் வேலையும் போயிருமேன்னு..."

ஒவ்வொரு காகிதமும் அவர்மேல் ஒரு கூடை மண்ணைக் கொட்டியிருக்கிறது. அதில் சிலவற்றை நானே என் கையால் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்தில் அப்பா பேருக்கு முன்னால் 'லேட்' போட்டு எழுதும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்கும் எனக்கு. அத்தனையும் பொய்க்காக அடைத்திருக்கிறது.

"இப்ப மட்டும் எதுக்கு வந்தே?"

"ஆஸ்பத்திரில கெடந்தப்பதான் தோணுச்சு. நான் செத்துட்டா அவருக்குச் சொல்லியனுப்ப ஆளே இல்லாமப் போயிடும். நேருல பாத்து, போதும் வாங்க, ஊருக்குப் போவம்னு ஒரு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நான் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு போர்ட் பிளேர் வரும்வரை அவளோடு பேசவில்லை. சோறு வாங்கிக்கொண்டுவந்து பக்கத்தில் வைப்பேன், வாய் திறக்கமாட்டேன். அவளும் கெஞ்சவில்லை.

ஆனால் படகு மாறி ஹேவ்லாக் தீவில் இறங்கியபோது என் கோபம் பாதி கரைந்திருந்தது. அப்பா என்று ஒருவர் இருக்கிறார், இன்றோ நாளையோ பார்க்கப்போகிறேன் என்ற நினைப்பு வந்தால் எப்பேர்ப்பட்ட கோபமும் நிற்காது. அவருக்கு அறுபத்தைந்து இருக்கும். என் மூக்கு அவருடையது என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைபோல நினைத்துக்கொண்டேன்.

அம்மா பேர் சொல்லிக் கேட்ட அந்தத் தீவிலேயே ஏஜெண்டு எங்களுக்குப் பதிவு செய்திருந்தது கடலோரத்தில் ஒரு ரிசார்ட். அரிசிமாவு போல வெள்ளை மணல். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத தண்ணீர். கரையில் சாய்ந்து நிற்கும் பெரிய மரங்களுக்கு நடுவே எங்களுக்குக் கொடுத்த அறையைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். மூங்கில் தட்டி, ஓலைக் கூரை.

"இதுக்கா கப்பல் ஏறி வந்தோம்? இந்தக் கூரைய மாத்தத்தானடி நீ லோன் போட்டு ஓடு போட்ட?"

மூன்று நாளைக்கப்புறம் நான் சிரித்தேன். மணலில் வெள்ளைக்காரிகள் எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் கிடந்தார்கள். "களத்துல நெல்லு காயப்போட்ட மாதிரி கெடக்காளுங்க. வெயில்ல நிக்கிறதுக்கு நமக்குக் கூலி குடுத்தாங்க, இவளுங்க கைக்காசு போட்டுல்ல வந்து காயிறாளுங்க" என்றாள். சிப்பந்திப் பையன் இளநீர் கொண்டுவந்தான். அம்மா அதைக் குடிக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். தமிழனா என்று கேட்டாள். அவனுக்கு இந்தியும் வங்காளமும்தான் தெரிந்திருந்தது.

ரிசார்ட்டுக்குப் பின்னால் பாக்குத்தோப்பு. அதைத் தாண்டினால் வயல். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அறுத்த தாள் காய்ந்து நிற்க, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நிலமாம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினாள். "ஒரு போகம்தான் போலருக்கு. வாய்க்காலையே காணும், மழைய நம்பி நடுறாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "இங்க எங்கயாவதுதான் வேல செஞ்சிருப்பாரு" என்றாள். அவள் காலடி வைப்பதில் ஓர் அவசரம் இருந்தது.

அந்தத் தீவில் ஊர்களுக்கு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மறுநாள் காலை மூன்றாம் நம்பர் கடைத்தெருவுக்குப் போனோம். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் அம்மா இரண்டு தடவை முகம் கழுவினாள். நான் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்து அவள் கட்டாமலே வைத்திருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கேலி செய்ய வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைத்தெருவில் காத்தான் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மீன் விற்பவர்கள் கையை விரித்தார்கள். மளிகைக்கடையில் இந்தியில் ஏதோ சொல்லி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்கள். அங்கே தமிழில் பலகை எழுதிய ஒரு டீக்கடை இருந்தது. ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், ரெத்தினம் என்று பேர், ஐம்பது வயது இருக்கும். டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"காத்தான்னு பேருங்க" என்றேன். "ரொம்ப வருசத்துக்கு முந்தி கீழ்வேளூர்ப் பக்கத்துலேருந்து வந்தவரு. வயல் வேல செஞ்சிருக்காரு."

"தஞ்சாவூராரா? இங்க எல்லாரும் அவர அப்புடித்தான் கூப்புடுவோம்."

அப்போதுதான் அவர் எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். டீக்குவளையைக் கீழே வைத்தார்.

"நீங்க வேம்பம்மாவா?"

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த மலர்ச்சியை நான் பார்த்திருக்கவே வேண்டாம். "ஆமாங்க. எம் பேரச் சொல்லியிருக்காரா? எங்க இருக்காரு?"

ரெத்தினம் கடைக்கு வெளியே வந்து, பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றார். உட்காரச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"போன ஆடியிலம்மா. காச்சல்தான். ரெண்டே நாளு."

நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு மாதம். முப்பது வருஷத்தைக் கழித்துவிட்டு ஏழு மாதத்தில் கோட்டைவிட்டிருந்தோம்.

ரெத்தினம்தான் பேசினார். வயல் வேலை செய்ய முடியாமல் போனபிறகு அப்பா எட்டு வருஷமாக இந்தக் கடைக்குப் பின்னால்தான் இருந்தாராம். வேறு குடும்பம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. விறகு பிளந்து கொடுப்பாராம்.

"படகு வர்ற நேரத்துக்கு ஜெட்டிக்குப் போயிடுவாரும்மா. எறங்குற தமிழாளுங்களப் பூரா எந்த ஊருன்னு கேப்பாரு. முத்துப்பேட்ட, திருத்துறைப்பூண்டின்னு யாராச்சும் சொல்லிட்டா போச்சு, அவங்க பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடப்பாரு. 'எனக்கு எதும் சொல்லிவிட்டாங்களா?'ம்பாரு. சிரிப்பாங்க எல்லாரும்."

"நீங்களாச்சும் ஊருக்குப் போகச் சொல்லக்கூடாதா?" என்றேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன பாத்தியதை இருந்தது? ஆனாலும் கோபம் வந்தது.

"சொல்லாம இருப்பனாம்மா? டிக்கெட்டு எடுத்துத் தர்றேன்னே சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. 'நான் செத்ததா எழுதித்தான்டா அவ பேருக்கு மனை குடுத்திருக்காங்க. உசுரோட போய் நின்னா பிடுங்கிக்குவாங்க. அவளும் பிள்ளையும் தெருவுல நிப்பாங்க. ஆறுனதும் அவளே சொல்லிவிடுவா, அப்பப் போறேன்'ன்னாரு. கடேசி வரைக்கும் அதேதான் சொன்னாரு."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் மனைப் பத்திரம் ஞாபகம் வந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கடனுக்காக அந்த மனைப் பத்திரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு நான் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவள். அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்திருக்கிறேன். சட்டம் வந்த அன்றைக்கு மனையில் யார் குடியிருந்தார்களோ அவர்களுக்குத்தான் மனை. குடியிருந்தவள் என் அம்மா. புருஷன் இருந்தானா, செத்தானா, ஓடினானா என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. சாரங்கபாணி வாசலில் நின்று சொன்னது அவர் வாயில் வந்த சட்டம். களத்து வழக்கும் சாட்சி இல்லாமல் எழுபத்து நாலிலேயே தள்ளுபடியாகிவிட்டது. அப்பா எந்த நாளில் வந்து இறங்கியிருந்தாலும் ஒரு பிடி மண்ணும் போயிருக்காது. என்னிடம் ஒரே ஒரு தடவை அம்மா வாயைத் திறந்திருந்தால் ஒரே ஒரு வரியில் சொல்லியிருப்பேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் உயிரோடு இருந்தார், ஜெட்டியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கவர்மெண்டு ஆள் என்று பயந்து அவள் என்னிடமே மறைத்திருக்கிறாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

ரெத்தினம் கடையைப் பூட்டிவிட்டு எங்களை அழைத்துப்போனார். அப்பா கடைசியாக வேலை செய்த வங்காளிக்காரரின் வயலை ஒட்டி, ஒரு பலாமரத்துக்குப் பக்கத்தில், கல் எதுவும் நடாத மண்மேடு. மழைக்கு அதில் பாதி கரைந்திருந்தது. தூரத்தில் கடல் சத்தம் கேட்டது.

"கருமாதி நான் செய்யிறேன்னேம்மா" என்றார் ரெத்தினம், ஏதோ குற்றம் செய்தவர்போல. "மொதல்லயே வேண்டாம்னு கைய புடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. 'எனக்கு எல்லாம் ஊருல எம் பொண்டாட்டி கொறையில்லாம செஞ்சுட்டா. ஒருத்தனுக்கு ரெண்டு தரம் ஆகாது. குழியில போட்டு மூடிடு'ன்னாரு. கோவமாச் சொல்லலம்மா. பெருமையாத்தான் சொன்னாரு."

அவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அம்மா மண்மேட்டைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். களை எடுக்கிற கை, ஒரு வேர் விடாமல் பிடுங்கியது. அழவில்லை. அவள் அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. முழுவதும் பிடுங்கி முடித்து, கையைத் தட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கே எல்லாத்தையும் அழுதுட்டேன் போலருக்கு. வர மாட்டேங்குது" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்சம், நீ படிச்சவ. கவர்மெண்டுல இருக்க. உள்ளதச் சொல்லு. அவரு வந்திருந்தா மனையப் பிடுங்கியிருப்பாங்களா?"

அவள் கண்கள் என் முகத்தை விட்டு அகலவில்லை. கப்பலில் இதைக் கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன், அதுவும் வலிக்கிற மாதிரி, நாலு வார்த்தை கூடவே சேர்த்துச் சொல்லியிருப்பேன். அவ்வளவு கோபம் இருந்தது என்னிடம். இப்போது தேடிப் பார்த்தேன், ஒரு துளியும் இல்லை.

"பிடுங்கியிருப்பாங்கம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். மனையும் போயிருக்கும், பொய் சொன்னதுக்கு ஒன்னையும் உள்ள வெச்சிருப்பாங்க. அவரு வராம இருந்ததாலதான் நாம பொழச்சோம்."

"அப்ப நான் செஞ்சதுல தப்பில்ல?"

"இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன. மண்மேட்டின்மேல் கையை வைத்து, "கேட்டுக்கிட்டீங்களா? ஒம்ம மவ சொல்லுறா" என்றாள்.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. எவ்வளவு முயன்றும் அடக்க முடியவில்லை. அப்பாவை நினைத்துத்தான் அழுகிறேன் என்று அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.